பினாங்கு இழந்த கப்பலும் திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பலும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுக நகர் உள்ளது. அங்குள்ள பழைய கப்பல்துறை ஒன்றில், மூன்று பாய்மரங்களைத் தாங்கிய மரப் போர்க்கப்பல் ஒன்று இன்றும் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் முன்முகப்பில் தலைப்பாகை அணிந்த கீழைநாட்டு மனிதன் ஒருவனின் மார்பளவுச் சிற்பம் பொருத்தப்பட்டுள்ளது. கப்பலின் பெயர் 'டிரிங்கோமலி'. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலமாகிய திருகோணமலையின் பெயரே ஆங்கில நாவில் இவ்வாறு திரிந்து நிற்கிறது.

முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு அந்நாட்டில் தங்கியிருந்த காலத்தில் நாம் இக்கப்பலைக் காணச் சென்றோம். செல்லும்போது நம் உள்ளத்தில் இருந்தது எளியதொரு பெருமிதமே: தமிழ் ஊர் ஒன்றன் பெயர் இத்துணைத் தொலைவில் இரு நூற்றாண்டுகளாக வாழ்கிறதே என்னும் மகிழ்ச்சி. திரும்பும்போது பெருமிதம் குறைந்து வினாக்கள் மிகுந்திருந்தன. அவற்றுள் ஒன்று நம் நாட்டைப் பற்றியது. ஏறத்தாழ அதே காலத்தில் பினாங்கிலும் பிரித்தானிய அரச கடற்படைக்காக ஒரு போர்க்கப்பல் கட்டப்பட்டது. அதற்கு முதலில் இடப்பட்ட பெயர் 'பினாங்கு' என்பதாகும். பின்னர் அப்பெயர் 'மலாக்கா' என மாற்றப்பட்டது. 1809-இல் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பல், நெப்போலியப் போர்கள் ஓய்ந்த மறு ஆண்டில், அதாவது 1816-இல், உடைக்கப்பட்டது. அதே 1816-ஆம் ஆண்டில்தான் பம்பாயில் 'டிரிங்கோமலி'யின் அடிமரம் நாட்டப்பட்டது.

ஒன்று ஏழே ஆண்டுகளில் மறைந்தது. மற்றொன்று இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. இவ்வேறுபாட்டிற்குத் தேக்கும் போரும் மட்டுமே காரணங்கள் ஆகா என்பது நம் கருத்து. கப்பல் கட்டுவோர்க்கும் கப்பல் ஓட்டுவோர்க்கும் அளிக்கப்பட்ட பயிற்சி, யாருக்கு அது அளிக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பனவற்றையும் சேர்த்து நோக்கினால்தான் இவ்வரலாறு விளங்கும்.

கனவாய்ப் போன கப்பல்தளம்

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றியபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த நோக்கங்கள் இரண்டு. சீன வணிகத்திற்குச் செல்லும் கப்பல்களுக்கு ஓர் இடைத்துறை வேண்டும் என்பது ஒன்று. வங்காள விரிகுடாவின் கீழைக் கரையில் கடற்படைக்கு ஒரு புகலிடம் வேண்டும் என்பது மற்றொன்று. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் பெரும்போர்க்கப்பல்கள் தங்குதற்குரிய பாதுகாப்பான துறை இல்லை. சென்னையின் திறந்த கடல் நங்கூரமிடத்தைப் பற்றி மாலுமிகள் அஞ்சிய அச்சம் யாவரும் அறிந்ததே.

இரண்டாம் நோக்கமே 1805-இல் பினாங்கிற்குப் பெருவாழ்வு தந்தது. அவ்வாண்டில் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகியவற்றிற்கு அடுத்த நான்காம் மாகாணமாக இத்தீவு உயர்த்தப்பட்டது. பம்பாயில் கம்பெனியின் கடற்துறை மேற்பார்வையாளராக இருந்த பிலிப் டண்டாஸ் ஆளுநராக அனுப்பப்பட்டார். இத்தேர்வு தற்செயலானது அன்று. கப்பல் கட்டும் தொழிலை அறிந்தவரைக் கொண்டு பினாங்கை ஒரு கடற்படைத் தளமாக்க வேண்டும் என்பதே திட்டம். துணைச் செயலாளராக அவருடன் வந்த இளைஞர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபில்ஸ் ஆவார். பின்னாளில் சிங்கப்பூரால் புகழ்பெற்ற அவருடைய கீழ்த்திசை வாழ்வு, பினாங்கின் இக்கப்பல்தளத் திட்டத்தின் நிழலில்தான் தொடங்கியது. தீவின் கிழக்கே உள்ள ஜெரெஜாக் தீவும் அதற்கு எதிர்க்கரையும் தளத்திற்குரிய இடங்களாகக் கருதப்பட்டன.

திட்டம் நிறைவேறவில்லை. பினாங்கின் காடுகளில் தேக்கு இல்லை. பர்மாவிலிருந்து தேக்கைக் கொண்டுவர வேண்டியிருந்தது. தேர்ந்த தச்சர்களையும் கொல்லர்களையும் பிற துறைமுகங்களிலிருந்து வருவிக்க வேண்டியிருந்தது. டண்டாஸ் 1807-இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். 1805-இன் டிரஃபால்கர் வெற்றிக்குப் பின்னும், 1810-இல் மொரீசியசும் 1811-இல் ஜாவாவும் பிரித்தானியர் கைக்கு வந்த பின்னும், இக்கடலில் பிரெஞ்சு அச்சம் பெரிதும் நீங்கிவிட்டது. இவ்வளவிற்கும் இடையே 1809-இல் மேற்குறித்த 'மலாக்கா'வும், 1811-இல் 'இங்லிஸ்' என்னும் பெரிய வணிகக் கப்பலும் இங்கே கட்டி முடிக்கப்பட்டமை வியப்பிற்குரியது. செய்ய இயலாது என்பதன்று. தொடர்ந்து செய்தற்குரிய அடித்தளம் இல்லை என்பதே உண்மை.

பினாங்கு இழந்த கடற்படைத் தளம் திருகோணமலைக்குச் சென்றது. 1795-இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றப்பட்ட அத்துறை, 1802-இல் ஏமியன் உடன்படிக்கையால் பிரித்தானியருக்கு உறுதியாயிற்று. பருவக்காற்று எத்திசையிலிருந்து வீசினும் அதன் உள்துறையில் கப்பல்கள் அச்சமின்றி நிற்கலாம். 1957 வரை அது பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கியது. ஆக, ஹார்ட்டில்பூலில் நிற்கும் கப்பலின் பெயர், ஒரு வகையில், பினாங்கு தோற்ற போட்டியின் பெயருமாகும்.

பெயரும் மரமும்

அப்பெயர் வந்த வழியையும் நாம் மறைத்தல் ஆகாது. தமிழ்த்தலம் ஒன்றனைப் போற்றும் எண்ணத்தால் கப்பலுக்கு அது இடப்படவில்லை. 1782 செப்டம்பர் 3-ஆம் நாள் திருகோணமலைக்கு அருகே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனின் படையும் எட்வர்டு ஹியூஸின் பிரித்தானியப் படையும் மோதிய கடற்போரை நினைவூட்டும் பெயர் அது. அப்போருக்குச் சில நாள்களுக்கு முன்பே துறைமுகம் பிரெஞ்சுக்காரர் வசமாகிவிட்டது. போரில் எப்பக்கத்திற்கும் முழுவெற்றி கிட்டவில்லை. மற்றொரு பொருத்தமும் உண்டு. அப்போருக்கு மறுநாள் ஐரோப்பியக் கடலில் பிரித்தானியர் 'எபே' என்னும் பிரெஞ்சுக் கப்பலைக் கைப்பற்றினர். அதன் அமைப்பைப் பார்த்து வரைந்த வரைபடத்தைக் கொண்டே 'டிரிங்கோமலி' உள்ளிட்ட 'லீடா' வகைக் கப்பல்கள் கட்டப்பட்டன. பெயர் ஒரு பிரெஞ்சுப் போரிலிருந்து, வடிவம் ஒரு பிரெஞ்சுக் கப்பலிலிருந்து!

இவை 'ஃபிரிகேட்' எனப்படும் வகையைச் சார்ந்தவை. முதன்மைப் பீரங்கித் தளம் ஒன்றே உடையனவாய், பெரும்போர்க்கப்பல்களைவிட விரைந்து செல்வன. இக்கப்பலின் பீரங்கித் தளம் ஏறத்தாழ 150 அடி நீளமுடையது. 38 பீரங்கிகளுக்கென வகுக்கப்பட்டது. 1812-இல் இதனைக் கட்ட ஆணையிடப்பட்டபோது வரைபடங்கள் 'ஜாவா' என்னும் கப்பலில் பம்பாய்க்கு அனுப்பப்பட்டன. 1812 டிசம்பர் 29-இல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' அக்கப்பலை வென்றது, வரைபடங்களும் போயின. மீண்டும் அனுப்பப்பட்ட வரைபடங்களைக் கொண்டு பணி தொடங்கச் சில ஆண்டுகள் ஆயின. அந்த 'கான்ஸ்டிடியூஷன்' பாஸ்டன் நகரில் இன்றும் மிதக்கிறது என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.

கட்டியவர் பம்பாயின் தலைமைக் கப்பற்கட்டுநர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா. 1817 அக்டோபர் 12-இல் கப்பல் நீரில் இறங்கியது. வாடியா குடும்பத்தின் மூதாதை லோவ்ஜி நுசர்வான்ஜி 1736-இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர். அதாவது, இக்கப்பல் கட்டப்பட்டபோது அத்தளத்தில் எண்பது ஆண்டுக்காலத் தொழிற்பரம்பரை ஒன்று இருந்தது. தந்தையிடம் மகனும், மாமனிடம் மருமகனும், தலைமைத் தச்சரிடம் இளையோரும் கற்ற கல்வி அது. வகுப்பறையும் பாடநூலும் இல்லாத பள்ளி என்று அதனைச் சொல்லலாம். பினாங்கில் இல்லாதது இதுவே. தேக்கைப் பர்மாவிலிருந்து கொண்டுவந்தனர், தச்சரையும் கொண்டுவந்தனர், ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் காலத்தை எங்கிருந்தும் கொண்டுவர இயலவில்லை.

மரத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில் தமிழாசிரியர்க்கு இதில் ஆர்வமூட்டும் செய்தி உள்ளது. ஆங்கிலத்தில் இம்மரத்தைக் குறிக்கும் 'டீக்' என்னும் சொல், போர்த்துக்கீசியரின் 'தேக்கா' வழியாக நம் தேக்கிலிருந்தும் மலையாளத் தேக்கிலிருந்தும் பிறந்ததாகும். ஓக் மரத்தில் உள்ள துவர்ப்பு அமிலம் அதில் அடித்த இரும்பாணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப் பசை இரும்பைக் காக்கும். கறையானும் பூஞ்சையும் அதனை எளிதில் அணுகா. நீண்ட போர்களால் இங்கிலாந்தில் ஓக் குறைந்துபோன காலத்தில் கடற்படையின் பார்வை மலபார்க் காடுகளின்மேல் விழுந்தது. 1806-இல் கேப்டன் வாட்சன் என்பார் மலபாரின் காட்டுக் காவலராக அமர்த்தப்பட்டார். தேக்கு கம்பெனியின் தனியுரிமை ஆக்கப்பட்டது. தம் நிலத்தில் நின்ற மரத்தை வெட்டவும் உரிமையாளருக்கு உரிமை இல்லாமற்போயிற்று. மக்களின் முறையீடு மிகுந்து, 1823-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ அம்முறையை நீக்கினார். அக்காலத்தில் மலபார் சென்னை மாகாணத்தைச் சார்ந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 'டிரிங்கோமலி' கட்டப்பட்ட 1816, 1817-ஆம் ஆண்டுகள் இத்தனியுரிமை நடைமுறையில் இருந்த ஆண்டுகளே. ஹார்ட்டில்பூலில் அக்கப்பலின் தளத்தில் நின்று பலகைகளைத் தொட்டுப் பார்த்தபோது நமக்குத் தோன்றியது, இது கொடையாக வந்த மரம் அன்று என்பதாகும்.

போருக்கு உதவாத கப்பல்

புதுக்கப்பல் இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில், நெப்போலியன் சிறையிருந்த செயிண்ட் ஹெலினா தீவில் 1819 சனவரியில் தங்கியது. ஏப்ரல் 30-இல் போர்ட்ஸ்மத்தை அடைந்தது. போர் முடிந்துவிட்டதால் அதற்கு வேலை இல்லை. பாய்மரங்கள் கழற்றப்பட்டு, ஏறத்தாழ கால் நூற்றாண்டு அது சேமத்தில் கிடந்தது. 1845-க்குப் பின் பீரங்கிகள் குறைக்கப்பட்டு, 1847 முதல் 1857 வரை இரு நெடும்பயணங்களை மேற்கொண்டது. முதற்பயணம் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களில். அடுத்தது பசிபிக் பெருங்கடலில். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 'டிரிங்கோமலி' நீரிணை என ஒன்று உண்டு. இக்கப்பல் சென்ற தடம் அது. வான்கூவர்ப் பகுதியில் இன்று வாழும் ஈழத்தமிழர் எத்துணைப் பேர் அதனைத் தம் ஊர்ப்பெயர் என அறிவரோ!

1860-களின் தொடக்கத்தில் இக்கப்பலின் வாழ்வு திசைமாறியது. நீராவியும் இரும்பும் வந்துவிட்டன. மரப் பாய்க்கப்பல் போருக்கு உதவாது. ஆயின் போருக்கு உதவாதது கற்பிப்பதற்கு உதவும். 'ராயல் நேவல் ரிசர்வ்' என்னும் சேமப்படையைச் சார்ந்த மீனவரும் வணிகக் கப்பல் மாலுமிகளும் பீரங்கிப் பயிற்சி பெறும் கூடமாக அது சண்டர்லாந்திலும், 1862 முதல் ஹார்ட்டில்பூலிலும், 1877 முதல் சவுத்ஹாம்ப்டனிலும் நிறுத்தப்பட்டது. 1897-இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. அந்த நிலையில் ஜார்ஜ் வீட்லி காப் என்னும் செல்வர் அதனை வாங்கினார். நெல்சனின் கொடிக்கப்பலாக இருந்த 'ஃபூட்ராயன்' என்னும் கப்பலை அவர் சிறுவர்களின் பயிற்சிக்காக வாங்கி வைத்திருந்தார். அது 1897 சூனில் பிளாக்பூல் கரையில் புயலில் சிதைந்தது. அதற்கு ஈடாகவே நம் கப்பலை வாங்கி, பழைய பெயரை நீக்கி, 'ஃபூட்ராயன்' எனப் பெயரிட்டார்.

அப்பெயருடன் அது 1986 வரை பயிற்சிக் கப்பலாக இருந்தது. ஃபால்மத்திலும், மில்ஃபோர்ட் ஹேவனிலும், 1930-களிலிருந்து போர்ட்ஸ்மத்திலும் சிறுவர்கள் அதில் தங்கித் தூங்குகட்டில்களில் உறங்கினர், படகு வலித்தனர், முடிச்சிடக் கற்றனர். 1987-இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டு, 1992-இல் பழைய பெயரை மீண்டும் பெற்று, 2001-இல் முழுமையாகப் புதுக்கப்பட்டது. அதன் மரத்தில் பெரும்பகுதி இன்றும் பம்பாயில் அடித்த தேக்கே.

பயிற்சிப் பணியே இக்கப்பலைக் காத்தது எனல் மிகையன்று. ஆயின் அது மட்டும் போதாது. இதனோடு அருகிருந்து பயிற்சிப் பணி செய்த 'இம்பிளாக்கபிள்' என்னும் கப்பல் பிரான்சில் ஓக் மரத்தால் கட்டப்பட்டது. 1805-இல் பிரித்தானியரிடம் சிக்கிய அக்கப்பல் 1949-இல் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கடிக்கப்பட்டது. பம்பாய்த் தேக்கில் பிறந்த மற்றைக் கப்பல்களும் முதுமையில் ஆசிரியத் தொழிலையே ஏற்றன என்பது கவனிக்கத்தக்கது. 1821-இல் பம்பாயில் இறங்கிய 'கங்கை', 1860-களிலிருந்து ஃபால்மத்தில் கடற்படைச் சிறுவர்களின் பயிற்சிக் கப்பலாயிற்று. அதன் பெயரைத் தாங்கிய கரைப் பயிற்சிப் பள்ளி 1976 வரை நடந்தது. 1815-இன் 'வெல்லெஸ்லி', 'கார்ன்வால்' எனப் பெயர்மாறித் தேம்ஸ் ஆற்றில் சிறுவர் சீர்திருத்தப் பயிற்சிக் கப்பலாக இருந்து, 1940-இல் செருமானியக் குண்டுவீச்சில் மூழ்கியது. பினாங்கு வாழ்நர்க்கு இப்பெயர் புதிதன்று. செபெராங் பிறை நெடுங்காலம் 'புரோவின்ஸ் வெல்லெஸ்லி' என்றே வழங்கியது. அண்ணன் ரிச்சர்டின் பெயரை நிலம் பெற்றது. தம்பி ஆர்தரின் பெயரைக் கப்பல் பெற்றது.

கற்றவரும் கற்க விடப்படாதவரும்

இக்கப்பல்களில் கற்றவர் யாவர் என்ற வினாவிற்கு இதுவரை விடை தந்தோம். மரம் தந்த நாட்டின் மாலுமிக்கு என்ன கிடைத்தது?

பினாங்கு தோன்றிய நாள் முதல் சோழமண்டலக் கரையிலிருந்து சூலியாக் கப்பல்கள் இங்கு வந்துகொண்டிருந்தன. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வந்து திரும்பியதை லைட் 1794-இல் எழுதியுள்ளார். ஜார்ஜ் டவுனின் சூலியா வீதியும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், நாகூர்த் தர்காவும் அவ்வரவின் சான்றுகள். கப்பலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகிய 'காப்பால்' நம் கப்பலே. இம்மக்கள் கடலை அறியாதவர் அல்லர்.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி. 'மாலுமி' என்பதை நாம் தூய தமிழ்ச்சொல் எனக் கருதி மாணவர்க்குக் கற்பிப்பதுண்டு. அது அரபு மொழியின் 'முஅல்லிம்' என்பதன் திரிபாகும். அதன் பொருள் ஆசிரியர். மலாயில் கப்பலின் வழிகாட்டியைக் குறிக்கும் 'மாலிம்' என்பதும் அதுவே. கடலோடியை ஆசிரியன் என்று அழைத்த மக்களின் மொழி வழக்கு, கப்பலே ஒரு பள்ளி என்னும் கருத்தை ஐரோப்பியரின் பயிற்சிக் கப்பல்களுக்கு நெடுங்காலம் முன்பே உணர்த்திவிட்டது.

ஆயின் 1823-இன் பிரித்தானியச் சட்டம் ஒன்று, இந்திய மாலுமிகளாகிய லஸ்கர்கள் பிரித்தானிய ஆட்சிப்பகுதியில் பிறந்தவராயினும் பிரித்தானிய மாலுமிகளாகக் கருதப்படார் என விதித்தது. மலபார்த் தேக்கு பம்பாயில் அறுக்கப்பட்டால் பிரித்தானியப் போர்க்கப்பல் ஆகும். அதே கரையில் பிறந்த மனிதன் அக்கப்பலில் பிரித்தானிய மாலுமி ஆகான். இம்முரண்பாட்டைவிடத் தெளிவாகக் குடியேற்ற ஆட்சியின் இயல்பைக் காட்டும் சான்றை நாம் கண்டதில்லை. கீழ்த்தளத்தில் பாய் இழுக்கவும், பின்னாளில் நீராவிக் கப்பலின் உலையில் கரி தள்ளவும் லஸ்கர் வேண்டும். மேல்தளத்தில் விண்மீன் நோக்கி வழி கணிக்கும் கல்வி அவர்க்கு வேண்டா. 1906-இல் வ. உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம், கப்பலோட்டும் கலையிலும் கப்பல் கட்டும் கலையிலும் நம்மவர்க்குப் பயிற்சி அளிப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டமை இப்பின்னணியில்தான் முழுப்பொருள் பெறுகிறது. அவரைக் கப்பலோட்டிய தமிழராகவே போற்றும் நாம், கப்பற்கல்வியைக் கோரிய தமிழராகவும் மாணவர்க்கு அறிமுகப்படுத்தல் வேண்டும். இந்திய இளைஞர்க்கான 'டஃபரின்' பயிற்சிக் கப்பல் பம்பாயில் தொடங்கப்பட்டது 1927-இல். 'டிரிங்கோமலி' அத்துறையில் நீரில் இறங்கி அப்போது 110 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மற்றொரு 'மலாக்கா'

ஆசியர் ஒருவரும் இத்தகைய கப்பலில் கடற்படைக் கல்வி பெறவில்லை என்று முடித்துவிடவும் இயலாது. பினாங்கின் 'மலாக்கா' உடைக்கப்பட்டபின் அதன் பெயர் வேறொரு கப்பலுக்குச் சென்றது. பர்மாவின் மோல்மீனில் 1853-இல் கட்டப்பட்ட அப்புதிய 'மலாக்கா', பாயும் நீராவியும் ஒருங்கே கொண்டது. 1869-இல் பிரித்தானியக் கடற்படை அதனை விற்றது. விரைவில் ஜப்பான் அதனை வாங்கி 'சுக்குபா' எனப் பெயரிட்டது. ஜப்பானியக் கடற்படைக் கல்லூரி மாணவர்கள் அதிலேதான் பெருங்கடலைக் கண்டனர். 1875-இல் தொடங்கிய பயணம் ஒன்றில் அவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோ வரை சென்றனர்.

இக்கப்பலின் பெயர் மருத்துவ வரலாற்றிலும் உண்டு. 1882-இல் புறப்பட்ட 'ரியூஜோ' என்னும் ஜப்பானியப் பயிற்சிக் கப்பலில் 376 பேருள் 169 பேர் பெரிபெரி நோயால் தாக்கப்பட்டு, 25 பேர் இறந்தனர். லண்டனில் பயின்ற கடற்படை மருத்துவர் தகாகி கனெகிரோ, தீட்டிய அரிசிச் சோறே உணவாக இருப்பதுதான் காரணம் என ஐயுற்றார். 1884-இல் 'சுக்குபா'வை ஏறத்தாழ அதே வழியில் அனுப்பி, மாணவர்களுக்கு இறைச்சியும் பாற்பொருளும் பார்லியும் மிகுந்த உணவை அளிக்கச் செய்தார். ஒருவரும் இறக்கவில்லை. புரதக் குறைவே காரணம் என்று அவர் கொண்ட கொள்கை பின்னர்ப் பிழை எனத் தெரிந்தது. உணவு மாற்றமோ சரியானது.

இதன் தொடர்ச்சி மலாயாவில் நிகழ்ந்தது. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரியால் மடிந்துகொண்டிருந்தபோது, நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் ஒன்றை உற்றுநோக்கினார். அதே வட்டாரத்தில் உழைத்த தமிழர்க்கு அந்நோய் அரிதாகவே வந்தது. அவர்கள் உண்டது புழுங்கலரிசி. 1907-இல் அவர் தம் நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் சோதனைகளைத் தொடங்கி, அரிசியின் தவிட்டோடு போய்விடும் ஒரு பொருளே நோயைத் தடுப்பது என்று காட்டினர். பின்னாளில் அதுவே உயிர்ச்சத்து பி-1 என அறியப்பட்டது. நெல்லை அவிக்கும்போது அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் நெல் அவித்த பானையில் இருந்த அறிவு, 'மலாக்கா' எனப் பிறந்த கப்பலின் மாணவர்களைக் காத்த அறிவோடு இவ்வாறு வந்து சேர்ந்தது.

அக்கப்பலில் கல்வி தொடங்கிய கடற்படை, 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் வசமானபின் இங்கு வந்து சேர்ந்ததும் வரலாறே. கம்பெனி 1805-இல் எண்ணி முடிக்காத கடற்படைத் தளத்தை ஜப்பானியர் அமைத்தனர். அவர்தம் நீர்மூழ்கிகளும், பின்னர்ச் செருமானிய நீர்மூழ்கிகளும் சுவெட்டன்ஹாம் துறையை அடுத்து நின்றன. பினாங்கு ஃபிரீ பள்ளியில் நடந்த இந்தியச் சுயராச்சியப் பயிற்சி நிலையத்தில் பயின்ற இளைஞர் சிலர் 1942-இல் அந்நீர்மூழ்கிகளில்தான் இந்தியக் கரைக்கு அனுப்பப்பட்டனர். அவருள் வக்கம் காதர் 1943 செப்டம்பரில் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இன்று மலேசிய அரச கடற்படையின் பயிற்சிப் பாய்க்கப்பல் 'துனாஸ் சமுத்ரா' ஆகும். 1989-இல் பணியேற்ற அக்கப்பல் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்டில் கட்டப்பட்டது. நம் மாணவர் அதனைக் 'காப்பால் லாயார்' என்று மலாயில் எழுதும்போது, முதற்சொல் தம் மொழியினது என்று அறிவாராயின் நன்று. பினாங்கில் கட்டப்பட்ட ஃபிரிகேட்டின் பலகை ஒன்றும் எஞ்சவில்லை. நார்தாம் சாலையின் பழைய கல்லறைத் தோட்டத்தில், பிரான்சிஸ் லைட் அடக்கமான அதே நிலத்தில், பிலிப் டண்டாஸின் கல்லறை இருக்கிறது. தாம் கட்டத் தொடங்கிய தளத்திலிருந்து கப்பல் ஒன்று நீரில் இறங்குவதை அவர் காணவில்லை. அவர் இறந்து ஈராண்டு கழித்துத்தான் அது இறங்கியது. அதுவும் இத்தீவின் பெயரோடு அன்று.